பெயின்ட் அடிக்க எழுந்து நின்றவர்! - தண்டுவடத்துக்கு மின்சாரம் தரும் புது நம்பிக்கை

வீட்டில் ஒரு சின்ன பெயின்ட் வேலை. கூப்பிட்டால் வருவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் பெயின்ட்டையும் வாக்கரையும் எடுத்துக்கொண்டார். எழுந்து நின்றார். தானே அடித்து முடித்துவிட்டார்.

இதில் என்ன செய்தி இருக்கிறது என்று தோன்றலாம். அந்த மனிதரின் பெயர் கெர்ட்-யான் ஓஸ்கம். நெதர்லாந்துக்காரர். 2011-ல் சீனாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் விபத்தில் சிக்கிக் கழுத்தில் அடிபட்டது. கால்கள் செயலிழந்தன, கைகளும் பாதிக்கப்பட்டன. 'இனி நடக்க முடியாது' என்ற நிலையில் வருடக்கணக்காகச் சக்கர நாற்காலியில் இருந்தவர் அவர். 2023-ம் ஆண்டு மே மாதம், தன்னைப் பற்றிய ஆய்வு 'நேச்சர்' இதழில் வெளியானபோது, பத்திரிகையாளர்களிடம் அவர் சொன்ன சம்பவம்தான் இந்த பெயின்ட் கதை.

நடந்தேன், ஓடினேன், மலை ஏறினேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. யார் உதவியும் இல்லாமல் ஒரு வேலையைச் செய்தேன் என்றார். முதுகில் அடிபட்டுப் படுத்தவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும்தான் அதன் அருமை முழுதாகப் புரியும்.

சுண்டு விரல் தடிமனில் ஓர் உலகம்

முதுகெலும்புக்குள் பத்திரமாக ஓடும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். பெரியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ நீளம், சுண்டு விரல் அளவு தடிமன். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடலெங்கும் போகின்றன. 'காலைத் தூக்கு' என்ற மூளையின் கட்டளை கீழே இறங்குவதும், 'முள் குத்துகிறது' என்ற காலின் புகார் மேலே ஏறுவதும் இந்த வழியில்தான்.

கை எலும்பு முறிந்தால் சில வாரங்களில் கூடிவிடும். தண்டுவடம் அப்படி இல்லை. அங்கே அறுந்த நரம்பிழைகள் தாமாக வளர்ந்து மீண்டும் இணைவதில்லை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்ட ஒரு மருத்துவச் சுவடியிலேயே இந்தக் காயம் பதிவாகியிருக்கிறது. கழுத்து எலும்பு நகர்ந்து, கை கால் உணர்வில்லாமல், சிறுநீர் போவதே தெரியாமல் கிடக்கும் நோயாளியை வர்ணித்துவிட்டு, இது சிகிச்சை செய்யக்கூடிய நோய் அல்ல என்று முடித்துவிடுகிறார் அதை எழுதியவர்.

20-ம் நூற்றாண்டு வரை நிலைமை பெரிதாக மாறவில்லை. நோய்த்தொற்றிலிருந்து காப்பாற்றுவதிலும், சக்கர நாற்காலியில் வாழப் பழக்குவதிலும் மருத்துவம் பெரிய முன்னேற்றம் கண்டது. ஆனால், அசைவை மட்டும் திருப்பித் தர முடியவில்லை. இன்று உலகம் முழுக்க 1.5 கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழுவதும் சாலை விபத்துகளும்தான் முக்கியக் காரணங்கள்.

வலிக்கு வைத்த கருவி, காலை அசைத்தது!

இந்தக் கதையின் நாயகனான மின் ஊக்கி, முதலில் நடைக்காக வந்தது அல்ல. 1967-ல் அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் நார்மன் ஷீலி, தீராத வலியைக் குறைப்பதற்காக ஒரு நோயாளியின் தண்டுவடத்தில் மின்முனையைப் பொருத்தினார். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைப்பதுபோல, நாள்பட்ட முதுகுவலிக்கு இந்தக் கருவியை வைப்பது பிறகு வழக்கமான சிகிச்சையாகவே ஆகிவிட்டது.

1998-ல் வியன்னாவில் ஓர் ஆய்வுக்குழு கவனித்த விஷயம் சுவாரஸ்யமானது. கால்கள் முற்றிலும் செயலிழந்தவர்களின் கீழ்முதுகுப் பகுதித் தண்டுவடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, படுத்திருந்த நிலையிலேயே அவர்களின் கால்கள் நடப்பதுபோல மாறி மாறி மடங்கி நீண்டன. மூளையிலிருந்து கட்டளை வராமலே!

இது எப்படி? அறுந்து விழுந்த பல்லி வால் தரையில் துடிப்பதைப் பார்த்திருப்போம். அதற்கு எந்த மூளை கட்டளையிடுகிறது? வாலுக்குள் இருக்கும் தண்டுவடத் துண்டே அந்த அசைவை நடத்துகிறது. நம் கீழ்முதுகுத் தண்டுவடத்திலும் அப்படி ஒரு நரம்பு வலை உண்டு. எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும், எது தளர வேண்டும் என்ற நடையின் தாளம் அங்கேயே இருக்கிறது. மூளை 'நட' என்று சொன்னால் போதும், ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியாக உத்தரவு போட வேண்டியதில்லை.

கழுத்திலோ நடுமுதுகிலோ அடிபட்டால், அந்தக் கீழ்முதுகு வலை சாவதில்லை. தகவல் வராமல் முடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

நான்கே கால் நிமிடங்கள்

ராப் சம்மர்ஸ், அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் பந்து வீசியவர். 2006-ல் அந்த அணி தேசிய அளவிலான கல்லூரி சாம்பியன் பட்டத்தை வென்றது. அடுத்த மாதமே ஓர் இரவு, தன் கார் அருகில் நின்றிருந்த சம்மர்ஸை இன்னொரு கார் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மார்புக்குக் கீழே அசைவு போனது.

லூயிவில் பல்கலைக்கழகத்தின் சூசன் ஹார்கேமா குழு, கலிஃபோர்னியாவின் ரெஜி எட்ஜர்டனுடன் சேர்ந்து அவரைத் தங்கள் ஆய்வில் சேர்த்தது. முதலில் பயிற்சி மட்டும். உடலைப் பட்டைகளால் தொங்கவிட்டு, டிரெட்மில்லில் கால்களைப் பிறர் நகர்த்தும் அந்தப் பயிற்சி, 26 மாதங்களில் 170 முறை நடந்தது. பலன்? ஒன்றுமில்லை.

2009 டிசம்பரில் அவருடைய கீழ்முதுகுத் தண்டுவடத்தின் மேலுறையில் 16 மின்முனைகள் கொண்ட பட்டை ஒன்றைப் பொருத்தினார்கள். வலிக்காகக் கடைகளில் கிடைத்த அதே கருவிதான். மின்சாரம் பாய்ந்தது. தொடர்ந்து நிற்கும் பயிற்சி. விளைவு, தன் முழு உடல் எடையையும் தன் கால்களிலேயே தாங்கி 4.25 நிமிடங்கள் வரை நின்றார் சம்மர்ஸ்.

இதையாவது எதிர்பார்த்திருந்தார்கள். எதிர்பாராதது சில மாதங்கள் கழித்து நடந்தது. கருவி இயங்கும்போது, தன் விருப்பப்படி கால் விரலை, கணுக்காலை, முழங்காலை அவரால் அசைக்க முடிந்தது. மூளையின் கட்டளை கீழே போய்ச் சேர்கிறது என்று அர்த்தம்! 2011-ல் 'தி லான்செட்' இதழில் இது வெளியானபோது மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது.

ஒருவருக்கு நடந்தது தற்செயலாக இருக்கலாமே? அந்தச் சந்தேகத்துக்கு 2014-ல் பதில் வந்தது. சம்மர்ஸோடு மேலும் 3 பேர். நால்வருமே கருவியின் உதவியோடு கால்களை விருப்பப்படி அசைத்தார்கள். அவர்களில் இருவருக்குக் காயத்துக்குக் கீழே அசைவு மட்டுமல்ல, தொடு உணர்வுகூட இல்லை. 'முழுமையான காயம்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள்.

மின்சாரம் என்னதான் செய்கிறது?

'கரன்ட் கொடுத்துத் தசையை இழுக்கிறார்கள்' என்று பலரும் நினைக்கிறார்கள். அது அல்ல.

அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக ஏதாவது சொன்னால் காதில் விழாது. தட்டி எழுப்பி உட்கார வைத்துவிட்டால், அதே மெல்லிய குரல் கேட்கும். மின் ஊக்கி செய்வது இந்தத் தட்டி எழுப்பும் வேலையைத்தான். தசை, மூட்டுகளிலிருந்து தகவல் கொண்டுவரும் நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தை அது தூண்டுகிறது. அதனால் முடங்கிக் கிடந்த நரம்பு வலை விழிப்புநிலைக்கு வருகிறது.

சரி, மெல்லிய குரல் எங்கிருந்து வருகிறது? 'முழுமையான காயம்' எனப்படும் பலருக்கும் அடிபட்ட இடத்தில் சில இழைகள் அறுபடாமல் தப்பிப் பிழைத்திருக்கின்றன. தனியாக ஒரு தசையை அசைக்கும் பலம் அவற்றுக்கு இல்லை. கீழே இருக்கும் வலை விழித்திருந்தால், அந்தப் பலவீனமான சமிக்ஞையே போதுமானதாகிவிடுகிறது. அதனால்தான் கருவியை நிறுத்தினால் பலருக்கும் அசைவும் நின்றுபோகிறது.

நிற்பதிலிருந்து நடைக்கு...

2018, இந்தத் துறைக்குப் பொன்னான ஆண்டு. அமெரிக்காவில் லூயிவில், மேயோ கிளினிக், சுவிட்சர்லாந்தில் லொசான் என மூன்று குழுக்கள் அடுத்தடுத்து முடிவுகளை வெளியிட்டன. மேயோ கிளினிக்கில் பனிச்சறுக்கு வண்டி விபத்தில் கால்களை இழந்த நிலையில் இருந்த இளைஞர் ஒருவர், வாக்கர் பிடித்து 102 மீட்டர் நடந்தார். லூயிவில்லில் 4 பேரில் இருவர் தரையில் நடந்தார்கள்.

லொசான் குழுவின் அணுகுமுறை கொஞ்சம் வித்தியாசமானது. நரம்பியல் விஞ்ஞானி கிரெகுவார் கூர்ட்டீனும், அறுவை சிகிச்சை நிபுணர் ஜோஸ்லின் பிளோக்கும் தலைமையேற்ற இந்தக் குழு, மின்சாரத்தைத் தொடர்ச்சியாக விடவில்லை. இடது காலைத் தூக்கும் நொடியில் அதற்கான இடத்தில், வலது கால் ஊன்றும் நொடியில் அதற்கான இடத்தில் என்று தாளம் பிசகாமல் கொடுத்தார்கள். மிருதங்கக்காரர் விரல் வைக்கும் இடம் மாறினால் சொல் மாறுவதுபோல, மின்முனை மாறினால் அசைவும் மாறும்.

2022-ல் இதே குழு, நடைக்கென்றே நீளமாகவும் அகலமாகவும் வடிவமைத்த புதிய மின்முனைப் பட்டையை 3 பேருக்குப் பொருத்தியது. மூவருமே கால், இடுப்புப் பகுதியில் முழுமையாகச் செயலிழந்தவர்கள். கருவியை இயக்கிய ஒரே நாளில், உடல் எடையைத் தாங்கும் பட்டைகளின் துணையோடு மூவரும் அடியெடுத்து வைத்தார்கள். அவர்களில் ஒருவரான இத்தாலியின் மிஷெல் ரொக்காத்தி, மோட்டார் பைக் விபத்தில் அடிபட்டவர். அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு லொசான் தெருவில் நடந்த காட்சி உலகம் முழுக்கப் பரவியது.

மூளைக்கும் காலுக்கும் ஒரு பாலம்

இவ்வளவு வந்தும் ஒரு குறை இருந்தது. தாளத்தை முடிவு செய்வது இயந்திரம். மனிதர் அதற்கேற்ப நடக்க வேண்டும். ஓஸ்கமுக்கும் முதலில் தண்டுவட ஊக்கி மட்டும்தான் பொருத்தப்பட்டிருந்தது. அது தன்னை இயக்குவதுபோலவே இருந்தது என்பதுதான் அவருடைய அனுபவம்.

2021-ல் அவர் மண்டையோட்டில் இரண்டு வட்டமான உள்பொருத்திகளை வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 64 மின்முனைகள். பிரான்ஸின் கிரெனோபிள் நகர விஞ்ஞானிகள் உருவாக்கியவை. காலை அசைக்க வேண்டும் என்று அவர் நினைக்கும்போது மூளையில் எழும் சமிக்ஞையை அவை பிடிக்கின்றன. அவர் கூடவே கொண்டுபோகும் ஒரு கணினி அதைப் புரிந்துகொண்டு, தண்டுவட ஊக்கிக்குக் கம்பியில்லாமல் அனுப்புகிறது. அறுந்த இடத்தைத் தாண்டி ஒரு டிஜிட்டல் பாலம்!

நினைத்தால் கால் எழுகிறது, நினைப்பை நிறுத்தினால் நிற்கிறது. படியேறுகிறார், மேடு பள்ளத்தைச் சமாளிக்கிறார். இன்னொரு ஆச்சர்யம், பயிற்சிகளுக்குப் பிறகு கருவியை நிறுத்திய நிலையிலும் ஊன்றுகோல்களின் உதவியோடு அவரால் நடக்க முடிந்தது. மிச்சமிருந்த இழைகள் புதுத் தொடர்புகளை வளர்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நடப்பதுதான் முதல் ஆசையா?

இந்தக் காட்சிகளைப் பார்க்கும் நமக்கு, சக்கர நாற்காலியில் இருக்கும் எல்லோரும் முதலில் கேட்பது நடையைத்தான் என்று தோன்றும். அவர்களிடமே கேட்டபோது வேறு பதில் வந்தது.

தானே தண்டுவடக் காயத்துடன் வாழும் விஞ்ஞானி கிம் ஆண்டர்சன், 681 பேரிடம் நடத்திய ஆய்வை 2004-ல் வெளியிட்டார். எது திரும்பக் கிடைத்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மாறும் என்பதுதான் கேள்வி. கழுத்தில் அடிபட்டுக் கை, கால் இரண்டும் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சொன்னது, கைகள். கால்கள் மட்டும் செயலிழந்தவர்களின் பட்டியலில் முதலிடம் பிடித்தது, தாம்பத்ய வாழ்க்கை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இரு தரப்பினருக்குமே மிக முக்கியமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும். ஸ்பூனைப் பிடித்துத் தானே சாப்பிடுவது, சட்டை பட்டன் போடுவது, கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் பயமில்லாமல் உட்கார்ந்திருப்பது... இவை எதையும் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே செய்யலாம். இவை இல்லாவிட்டால், நடந்தாலும் நிம்மதி இல்லை.

மின் ஊக்கியின் இன்னொரு முகம் இங்கேதான் தெரிகிறது. சம்மர்ஸுக்குக் கால் அசைவோடு சிறுநீர்க் கட்டுப்பாடு, பாலியல் செயல்பாடு, உடல் வெப்பத்தைச் சமன்செய்வது ஆகியவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாலே ரத்த அழுத்தம் சரிந்து மயங்கும் பிரச்னைக்கும் இதே வழியில் தீர்வு தேடுகிறார்கள்.

கைகளுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. அதற்கு அறுவை சிகிச்சையே வேண்டாம். பின்கழுத்துத் தோலில் மின்முனைகளை ஒட்டி, கைப் பயிற்சியின்போது தண்டுவடத்தைத் தூண்டும் கருவி அது. 60 பேர் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2024 மே மாதம் வெளியானது. இரண்டு மாதங்கள் பயிற்சி மட்டும், அடுத்த இரண்டு மாதங்கள் பயிற்சியோடு மின் ஊக்கி. முடிவில் 72% பேருக்குக் கை வலிமை, செயல்பாடு இரண்டிலும் முன்னேற்றம். அடிபட்டு 34 வருடங்கள் ஆனவர்களும் பலன் பெற்றவர்களில் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதற்கு அனுமதி கொடுத்தது. கழுத்துப் பகுதியில் 'முழுமையற்ற காயம்' உள்ள பெரியவர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி.

கொஞ்சம் நிதானம்!

இதைப் படித்ததும் 'எங்கே போனால் கிடைக்கும்' என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. அதற்கு முன் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

* உடலுக்குள் பொருத்தும் கருவிகளால் நடந்தவர்களின் எண்ணிக்கை இன்னும் மிகச் சிறியது. பெரும்பாலான ஆய்வுகளில் ஒருவர், மூவர், நால்வர் என்ற கணக்குதான்.

* யாரும் மறுநாளே வாக்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்து போகவில்லை. மாதக்கணக்கான கடும் பயிற்சி தேவை. பயிற்சியின்போது ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்ததும் ஆய்வறிக்கையில் பதிவாகியிருக்கிறது. வருடக்கணக்கில் எடை தாங்காத எலும்புகள் பலவீனமாக இருக்கும்.

* அறுவை சிகிச்சை என்றாலே நோய்த்தொற்று ஆபத்து உண்டு. கருவி பழுதானால் மீண்டும் கத்தி வைக்க வேண்டும்.

* வெளிநாடுகளில் சில தனியார் மையங்கள் 'ஸ்டெம் செல் ஊசி, மின் ஊக்கி இரண்டும் ஒரே பேக்கேஜ்' என்று விளம்பரம் செய்து பெரும் தொகை வாங்குகின்றன. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துக் கிளம்பும் முன், சிகிச்சை பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடமும் மறுவாழ்வு மருத்துவரிடமும் கேட்டுவிடுவது நல்லது. முறையான மருத்துவ ஆய்வில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்கென்று லட்சக்கணக்கில் பணம் கேட்பது வழக்கமல்ல.

* இந்த ஆய்வுகளில் எல்லாம் பொதுவாக இருப்பது பயிற்சி. மூட்டுகள் இறுகாமல், படுக்கைப்புண் வராமல், தசை வற்றாமல் உடலைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்குத்தான் நாளை எந்தப் புதுச் சிகிச்சை வந்தாலும் பலன் அதிகம். இன்று செய்யும் பிசியோதெரபி வீண் அல்ல.

அடிபட்டவரைத் தூக்கும் முன்...

மின் ஊக்கிகள் எல்லோருக்கும் எட்ட இன்னும் காலமாகும். ஆனால், விபத்து நடந்த இடத்தில் இருக்கும் சாதாரண மனிதர்களால் இன்றே காப்பாற்றக்கூடியது ஒன்று உண்டு. தப்பிப் பிழைத்த அந்தச் சில இழைகள்!

பைக்கிலிருந்து விழுந்தவரை ஒருவர் கையையும் இன்னொருவர் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதை இன்றும் பார்க்கிறோம். நல்ல மனதோடு செய்யும் அந்த உதவி, முதுகெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடத்தை மேலும் நசுக்கிவிடலாம். கழுத்து, முதுகு வலிக்கிறது என்றாலோ, கை கால் மரத்துப்போனதாகச் சொன்னாலோ, நினைவில்லாமல் இருந்தாலோ, தீ போன்ற உடனடி ஆபத்து இல்லாதவரை அவரை நகர்த்த வேண்டாம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, 108-ஐ அழைக்க வேண்டும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி, பலர் சேர்ந்து ஒரே நேரத்தில், தட்டையான பலகையில் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

சிகிச்சைக்காகக் காத்திருக்கும் காலம் வெறும் காத்திருப்பாகப் போய்விடக் கூடாது என்பதற்கு, நம் வேலூரிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. சி.எம்.சி மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். 'இனி மருத்துவராக இருக்க முடியாது' என்று நினைத்தவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். தன்னைப்போல அடிபட்ட ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பி வாழக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அவருக்குக் கால்கள் திரும்பவில்லை. ஆனால், செய்ய நினைத்த வேலையைச் செய்தார்.

பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் ஓஸ்கம் பெருமையோடு சொன்னதும் அதைத்தானே? எத்தனை மீட்டர் நடந்தார் என்பதை ஆய்வறிக்கைகள் அளக்கட்டும். ஆள் இல்லாத ஒரு நாளில் தன் வேலையைத் தானே முடித்த மனிதரின் சந்தோஷத்தை அளக்க, அந்த பெயின்ட் அடித்த இடமே போதும்!